கன்று வேண்டாம், கூலி கொடுங்கள்

காடு அழிகிறதா, மரம் நடு. இன்று பள்ளிப் பிள்ளையிலிருந்து அமைச்சர் வரை எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கருத்து இது ஒன்றுதான். உலகச் சுற்றாடல் தினத்துக்குப் பாடசாலை முற்றத்தில் ஒரு கன்று நடுகிறோம். வங்கிக் கிளையின் ஆண்டு நிறைவுக்கு நூறு கன்று, கட்சித் தலைவரின் பிறந்தநாளுக்கு ஆயிரம் கன்று. 2020 ஜனவரியில் டாவோஸில் கூடிய உலகப் பொருளாதார மன்றம் ஒரு இலட்சம் கோடி மரங்கள் என்று இலக்கே அறிவித்தது. இந்தக் கருத்துக்கு ஒரு தம்பியும் உண்டு. இயற்கைக் காப்பகம் ஒன்றையோ சுற்றாடல் கல்வி நிலையம் ஒன்றையோ மேம்படுத்துவதென்றால் கட்டடம் எழுப்ப வேண்டும், சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்கிறது அது. கன்றுக்கும் கட்டடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் காசு தர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதே காட்டில் ஆண்டு முழுவதும் வேலை செய்யும் இரண்டு பேருக்குச் சம்பளம் கேட்டுப் பாருங்கள். "அது தொடர் செலவாச்சே" என்று பதில் வரும்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மரம் நடுகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நல்லெண்ணம் போய்ச் சேரும் இடம் தவறு. எங்கள் மாவட்டத்தின் உலர் காடுகளுக்கு உண்மையில் தேவைப்படுவது எதுவோ அதற்குத்தான் இன்று காசு கிடைப்பதில்லை. சான்றைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்திலேயே, தம்புள்ளை நகரிலிருந்து கண்டலம வீதியில் ஏறக்குறைய 3 கிலோமீட்டரில், அது அறுபது ஆண்டுகளாக வளர்ந்து நிற்கிறது.

1963 ஆம் ஆண்டு சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரை, ஓய்வு பெற்ற கையோடு, அங்கே ஏழரை ஏக்கர் நிலத்தில் வேலையைத் தொடங்கினார். சேனைப் பயிர்ச்செய்கைக்காக வெட்டி எரித்து, பின்னர் கைவிடப்பட்ட நிலம் அது. முள்ளும் பற்றையும் மண்டிக் கிடந்தது. உலர் வலயத்தில் அழிந்த காட்டை எப்படி மீட்பது என்று அறிவதே அவர் நோக்கம். எல்லோரும் செய்வதையே அவரும் முதலில் செய்தார். கன்றுகளை நட்டார். பெரும்பாலானவை பட்டுப்போயின. அதே நேரத்தில் பற்றைக்குள் தாமாகவே முளைத்த காட்டு மரக் கன்றுகள் யாரும் தண்ணீர் ஊற்றாமலே உயிரோடு நிற்பதை அவர் கவனித்தார். அதன்பின் நடுவதை விட்டுவிட்டு, அந்தக் கன்றுகளை நெருக்கும் பற்றையைக் கையால் பார்த்துப் பார்த்து அகற்றத் தொடங்கினார். காடு எழுந்தது. இன்று அதற்குப் பொப்ஹாம் முறை என்றே பெயர். பின்னர் 27 ஏக்கர் சேர்ந்தது. இப்போது கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் இருக்கும் இந்த மரச்சோலைதான் இலங்கையின் உலர் வலயத்துக்குரிய ஒரே மரச்சோலை என்று சொல்லப்படுகிறது.

ஏன் நட்டது செத்தது, முளைத்தது பிழைத்தது? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 1,750 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் பகுதியையே உலர் வலயம் என்கிறோம். தம்புள்ளைக்கு அந்த மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் வருகிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை காற்றும் வெயிலும். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5 ஆம் திகதி. அதாவது நாட்காட்டியைப் பார்த்து மரம் நடுகிறவர், அடுத்த நாலு மாதத்துக்கு மழை வராத நிலத்தில், பொலித்தீன் பையில் வேர் சுருண்ட ஒரு கன்றை வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். பற்றைக்குள் முளைத்த கன்றோ பருவமழையோடு முளைத்தது. முதல் வறட்சி வருவதற்குள் தலையை நீட்டாமல் வேரை இறக்கியிருக்கும். சேனைக்காக வெட்டிய பழைய மரங்களின் அடிக்கட்டைகளும் மண்ணுக்குள் உயிரோடு இருந்து மீண்டும் துளிர்க்கும். அந்த வேருக்கு எந்தக் கன்றும் ஈடாகாது.

பற்றை ஒன்றின் அருகே குந்தியிருந்து பார்த்தால் இது விளங்கும். நாயுண்ணிக் கிளைகளை விலக்கினால் அடியில் விரல் தடிமனில் ஒரு தண்டு நிற்கும். இலை தடித்து மினுங்கும். அது வீரை. அதன் பழத்தைத் தின்ற பறவையோ மரநாயோ விதையை அங்கே எச்சமாக விட்டுப் போயிருக்கும். மாடு வாய் வைக்காமல் காத்தது நாயுண்ணியின் முள். ஆனால் அதே நாயுண்ணி இப்போது வெளிச்சத்தை மறைத்து அதன் கழுத்தை நெரிக்கிறது. இந்த இடத்தில் ஒருவர் கத்தியோடு வந்து, தலைக்கு மேலிருக்கும் கொடியையும் கிளையையும் மட்டும் வெட்டி, வெட்டியதை அடியிலேயே மூடாக்காகப் பரப்பி, மாடு வரும் பக்கத்து முள்ளை அப்படியே விட வேண்டும். அடிக்கட்டையிலிருந்து ஆறேழு துளிர் வந்திருந்தால் நேரான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டும் வர வேண்டும். பாலையும் கருங்காலியும் முதிரையும் வேகமாக வளரும் சாதியல்ல. அவை நம் தலைக்கு மேல் போகும் வரை யாராவது அங்கே இருந்தாக வேண்டும்.

காட்டை மீட்பது என்ற வேலையின் முழு உருவமும் இதுதான். இதில் கன்றுக்கு வேலை மிகக் குறைவு. வெட்டக்கூடாதது எது என்று அறிந்த கைக்குத்தான் வேலை அதிகம். அந்தக் கைக்குக் கூலி கொடுக்க ஆளில்லை என்பதே என் வழக்கு.

"இது ஒரு தோட்டத்துரையின் தனிப்பட்ட அதிர்ஷ்டம், இதை வைத்துப் பொதுவிதி பேச முடியாது" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஆபிரிக்காவின் நைஜரைக் காட்டுகிறேன். ஆஸ்திரேலியரான டோனி ரினோடோ 1980களில் அங்கே ஆண்டுக்கணக்காகக் கன்று நட்டுத் தோற்றார். பாலைவனத்தில் செடி என்று நினைத்தவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் துளிர்கள் என்று கண்டபின் வழியை மாற்றினார். விவசாயிகள் தங்கள் வயலில் துளிர்களைத் தெரிந்தெடுத்துக் காத்தார்கள். சுமார் 50 இலட்சம் ஹெக்டேயரில் மரம் திரும்பியது. 2018 இல் அவருக்கு மாற்று நோபல் எனப்படும் விருது கிடைத்தது. இதற்கு எதிர்ப்பக்கம் துருக்கி. 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள் நட்டதாக அரசு பெருமைப்பட்டது. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்த வனத்துறைத் தொழிற்சங்கம், தான் சோதித்த இடங்களில் பத்தில் ஒன்பது வரை பட்டுப்போனதாகச் சொன்னது. அரசு அதை மறுத்தது. யார் கணக்கு சரியென்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நட்ட எண்ணிக்கை உலகம் முழுக்கச் செய்தியானது, பிழைத்த எண்ணிக்கை சச்சரவானது என்பதே எனக்குப் போதும். நடுவதை வைத்துக் கணக்கெழுதினால் இப்படித்தான் முடியும்.

மரநடுகையை எல்லா இடத்திலும் தவறென்று சொல்லவில்லை. விதை தரும் தாய்மரம் அருகில் இல்லாத இடம், அடிக்கட்டை கூடச் செத்துப்போன இடம், கல் உடைத்துத் தோண்டிய குழி, கைவிட்டு மண் கரைந்துபோன தேயிலைச் சரிவு, இங்கெல்லாம் நட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நடுமுன் நிலத்தைப் பார்க்கும் பொறுமை வேண்டும். மாத்தளையின் மறுகோடியில், ரிவஸ்டன் தாண்டி, பிட்டவல பத்தனைப் புல்வெளி இருக்கிறது. மெல்லிய மண், அடியில் பாறைப் படுக்கை. மரமில்லாமல் இருப்பதே அதன் இயல்பு. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழும் ஒரு பாறைத்தவளைக்கு அது வீடு. வெற்றிடம் கண்டதும் கன்றோடு கிளம்புகிறவர் அங்கே செய்யப்போவது அழிவு. மலைச்சரிவுப் புல்வெளிகளில் பைனஸ் நட்டு, ஒவ்வொரு வறட்சிக்கும் அது தீப்பிடித்து எரிவதைப் பார்த்த மலையக மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதுவும் ஒரு காலத்தில் காடு வளர்ப்பு என்றுதான் கணக்கில் ஏறியது.

சிரமதானம் பற்றியும் சொல்ல வேண்டும். கூலி என்றதும் "ஊரைக் கூட்டி ஒருநாள் சிரமதானம் வைத்தால் போச்சு" என்பார்கள். கோயில் வீதிக்கும் குளக்கட்டுக்கும் சிரமதானம் அருமையானது. காட்டுக்கு அது ஆபத்து. நூறு பேர் மண்வெட்டியோடு இறங்கினால் மாலைக்குள் இடம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளிச்சில் நாயுண்ணியோடு வீரையும் போயிருக்கும். வெயில் நேரே விழும் அந்த மண்ணில் அடுத்த மழைக்குக் கினிப்புல் ஏறும். அடுத்த வறட்சிக்கு அந்தப் புல்லில் தீ ஏறும். காடு துப்புரவாக இருக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விட வேண்டும்.

தேவாங்கைக் கேட்டால் இதைச் சொல்லும். பொப்ஹாம் சோலையில் இரவு நடைக்குப் போகிறவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான். கால் கிலோ அளவே எடையுள்ள, இரவில் மட்டும் நடமாடும் அந்தச் சிறு உயிர் பாயாது. கிளைவிட்டுக் கிளை பற்றி மெதுவாக நகரும். கொடியும் சிறுமரமும் பின்னிக் கிடந்தால்தான் அதற்குப் பாதை உண்டு. அடிக்காட்டை வழித்துவிட்டுப் பெரிய மரங்களை மட்டும் பூங்கா போல நிறுத்தினால் படம் அழகாக இருக்கும், தேவாங்கு இருக்காது. தமிழ்நாடு 2022 ஒக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயரைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம் அது. அவர்கள் அவ்வளவு பெரிய நிலத்தை ஒதுக்கிக் காக்க முனையும் உயிரினத்தின் உறவுக்காரன் எங்களிடம் ஒரு சந்தை நகரத்தின் ஓரத்தில், ஏறக்குறைய 35 ஏக்கரில் பிழைத்திருக்கிறான்.

"35 ஏக்கர் எந்த மூலைக்கு?" என்பது அடுத்த வாதம். பக்கத்திலேயே வஸ்கமுவ தேசியப் பூங்கா இருக்கிறதே, நக்கிள்ஸ் இருக்கிறதே, காசை அங்கே கொடுக்கலாமே என்கிறார்கள். பெரிய காடுகளுக்குச் சட்டமும் திணைக்களமும் இருக்கின்றன. சிறிய காட்டுக்கு இருக்கும் வேலை வேறு. விதை கொடுப்பதும் வித்தை கொடுப்பதும் அதன் வேலை. புதுச்சேரிக்கு அருகே ஓரோவில் மக்கள் செம்மண் பொட்டலில் காடு எழுப்பியபோது அந்த மண்ணுக்குரிய மரங்களின் விதை எங்கே கிடைத்தது? ஊர்க்கோயில்களைச் சுற்றி, ஐயனார் பெயரால் வெட்டாமல் விட்ட கோயிற்காடுகளில். பலவும் சில ஏக்கர்தான். அங்கேயும் நின்றவை பாலை, வீரை, கருங்காலி. கடலுக்கு இரு கரையிலும் ஒரே காட்டுக் குடும்பம். அந்தச் சிறு துண்டுகளையும் "எந்த மூலைக்கு" என்று விட்டிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு எடுத்து விதைக்க ஒன்றுமே இருந்திராது. பொப்ஹாம் சோலை அதற்கும் ஒருபடி மேல். கைவிட்ட சேனை நிலம் அறுபது ஆண்டில் என்னவாகும் என்பதை நடந்து பார்த்து அறிய நாட்டில் வேறு எத்தனை இடம் இருக்கிறது? உலர் வலயம் இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கு. அதில் பற்றை மண்டிய நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அங்கே கற்க ஒரு பாடம் உண்டு.

சுற்றுலா வாதம்தான் எல்லாவற்றிலும் வலியது. சீகிரியாவும் தம்புள்ளைக் குகைக் கோயிலும் பக்கத்தில். பயணிகள் போகும் வழியில் சோலை. நுழைவுச் சீட்டில் வருமானம் வரட்டும், அதிலிருந்து காடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2018 இல் நாட்டுக்கு வந்த பயணிகள் சுமார் 23 இலட்சம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை நின்றது. நகரத்து வீடுகளும் விறகடுப்புக்குத் திரும்பின. ஒரு நகர ஓரத்துக் காட்டுக்கு அதைவிட ஆபத்தான காலம் இருந்திருக்காது. காவலாள் தேவைப்பட்ட அதே ஆண்டில் சீட்டு வாங்க ஆளில்லை. நல்ல காலத்தில் மட்டும் வரும் பணத்தை நம்பிக் கெட்ட காலத்துக் காவலை ஒப்படைக்க முடியாது. சுற்றுலாப் பணம் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? அது மேலதிகமாக இருக்கட்டும். அடிச்சம்பளம் அதில் தொங்கக் கூடாது.

கட்டடத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று சொல்கிறேன். பொப்ஹாம் வசித்த சிறிய வீட்டை வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. அதுவே பின்னர் பார்வையாளர் நிலையம் ஆனது. இந்த நாட்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞர் அந்தக் காட்டுக்கு அவ்வளவு சின்னதாகக் கட்டினார் என்றால் அதில் பாடம் இருக்கிறது. மரம்தான் அங்கே வகுப்பறை. கூரைக்கும் கொங்கிறீற்றுக்கும் தரும் பணத்தில், மரத்தைக் காட்டிப் பேசத் தெரிந்த ஒருவரை எத்தனையோ ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

அந்த ஒருவர் எந்த மொழியில் பேசுவார் என்பது எங்களுக்கு முக்கியம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழராகவோ முஸ்லிமாகவோ இருக்கிறார். இரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் எல்கடுவைத் தோட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளைக்கு "இது பாலை, இது முதிரை" என்று அவளுடைய மொழியில் சொல்ல ஆள் வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அந்தக் காட்டோடு எங்களுக்குப் பழைய கணக்கு உண்டு. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, இந்த உலர் காட்டுக்குள்ளேதான், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் நடந்தது எந்தக் காடு, அதில் என்ன மரம், என்ன பழம் என்று அவர்கள் வழிவந்த பிள்ளைகள் அறிய வேண்டாமா?

அறிவது மட்டுமல்ல, அங்கே வேலையும் செய்ய வேண்டும். பொப்ஹாம் முறைக்கு வேண்டிய கை எது? எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது, எந்த உயரத்தில் வெட்டுவது என்று பார்த்த மாத்திரத்தில் அறியும் கை. மாத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாகக் கவ்வாத்து வெட்டியவர்களிடம் அந்தக் கை இருக்கிறது. சேனை செய்த சிங்கள விவசாயிக்கு மண்ணும் மரத்தின் பெயரும் அத்துபடி. இந்த இருவரையும் ஒரே குழுவில் சேர்த்துக் கூலி கொடுத்தால் காட்டுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. இவர்களிடம் இருக்கும் அறிவைத் தேடாமல், வெளியிலிருந்து கன்றும் நிபுணரும் கொண்டுவருவதை மேம்பாடு என்று சொல்லாதீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். உதவ நினைக்கும் நிறுவனமோ பழைய மாணவர் சங்கமோ வெளிநாட்டுத் தமிழர் அமைப்போ, கன்றுக்கு ஒதுக்கும் பணத்தைச் சம்பளமாக மாற்றட்டும். ஒரு ஆண்டுக்கு அல்ல, குறைந்தது பத்து ஆண்டுக்கு. தொகையை வைப்பில் இட்டு வட்டியில் சம்பளம் போகட்டும். மே மாதம் தொடங்குமுன் எல்லையைச் சுற்றித் தீத்தடுப்பு வெளி வெட்டவும், வறட்சி முழுவதும் காவல் இருக்கவும், மழைக்குப் பின் கன்று தேடிப் பற்றை கழிக்கவும் அயல் கிராமத்து இளைஞர்களை எடுக்கட்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் பத்து மீற்றர் சதுரமான ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கட்டும். ஆறாம் வகுப்பு ஆண்டுதோறும் அதே துண்டுக்குப் போய், என்ன முளைத்தது, என்ன செத்தது என்று ஒரே பதிவேட்டில் எழுதி அடுத்த ஆறாம் வகுப்பிடம் ஒப்படைக்கட்டும். மூன்று மொழியிலும் பேசக்கூடிய வழிகாட்டிகளைப் பயிற்றட்டும். இருக்கும் வீட்டின் கூரையைப் பழுதுபார்க்காமல் புதிய அத்திவாரம் போட வேண்டாம்.

இதில் எதுவும் நாடாவெட்டும் விழாவுக்கு ஏற்றதல்ல. வெட்டாமல் விட்ட கன்றுக்குப் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுக்கப் போவதில்லை. காசு தருகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்பதை நிறுத்தி, பத்தாம் ஆண்டின் வறட்சியில் அந்தக் காட்டுக்குள் யார் இருப்பார், அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தரக்கூடிய காப்பகத்துக்குப் பணம் கொடுங்கள். பதில் இல்லாத இடத்தில் பணத்தோடு சேர்த்து அந்தப் பதிலையும் உருவாக்கிக் கொடுங்கள்.